பில் அடிக்கும் மென்பொருள்: முதலில் பதிவு, பிறகு அச்சு

"கடைக்கு ஒரு பில் புரோகிராம் செய்து தாருங்கள்" என்று கேட்டு வரும் வியாபாரிகளில் அநேகர் கையோடு பழைய பில் புத்தகம் ஒன்றையும் கொண்டு வருவார்கள். "தம்பி, இதே மாதிரி கணனியில வரணும், கடைப் பேர் மட்டும் கொஞ்சம் பெரிசா இருக்கட்டும்" என்பதே முதல் கோரிக்கையாக இருக்கும். அதில் தவறில்லை. ஆனால் அந்தப் புத்தகம் செய்து வந்த முக்கியமான வேலையை அவர்கள் கவனிப்பதில்லை. அதில் தொடரிலக்கம் முன்கூட்டியே அச்சிடப்பட்டிருக்கிறது. காபன் பிரதி புத்தகத்தோடு ஒட்டியபடியே இருக்கிறது. ஒரு தாளைக் கிழித்தாலும் அடிக்கட்டை காட்டிக் கொடுத்துவிடும். கணனிக்கு மாறும்போது இந்தக் காவல் சத்தமின்றிப் போய்விடுகிறது.

பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர் பல வருடங்களாக எக்ஸெல் தாளில் இன்வொய்ஸ் அடித்து வந்தார். முந்தைய பில்லைத் திறந்து, பெயரையும் தொகையையும் மாற்றி, அச்சிட்டுவிட்டு அதன் மேலேயே சேமிப்பது வழக்கம். வெளியூர் கடைக்காரர் ஒருவருக்கு 45 நாள் தவணையில் கொடுத்த சரக்கின் பணத்தை அறவிடச் சென்ற விற்பனைப் பிரதிநிதியிடம், அவர் 1127 ஆம் இலக்க பில்லை நீட்டினார். கடையில் இருந்த பிரதியும் 1127 தான். பெயர் வேறு, தொகை வேறு! எது உண்மை என்று காட்ட கணனியில் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. நீண்டகால வாடிக்கையாளர் என்பதால் வித்தியாசத்தை முதலாளியே ஏற்றுக்கொண்டார். அதன் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்.

நான் செய்து கொடுத்த மென்பொருளில் ஒரு கண்டிப்பு இருக்கிறது. பில்லைப் பதிந்த பின்னரே அச்சிட முடியும். தொடரிலக்கமும் பதியும் கணத்தில்தான் கிடைக்கும். திரையைத் திறந்தவுடன் இலக்கம் கொடுக்கும் புரோகிராம்களும் இருக்கின்றன. அவற்றில் வாடிக்கையாளர் மனம் மாறிப் போய்விட்டால் இலக்கத்தில் ஓட்டை விழும். இரண்டு கணனிகளில் ஒரே நேரத்தில் பில் போட்டால் ஒரே இலக்கம் இருவருக்கும் போகவும் கூடும். பதிந்த பில்லை அழிக்க முதலாளிக்கும் அனுமதியில்லை. 'ரத்து' என்று குறிக்கலாம், அது பட்டியலில் அப்படியே இருக்கும். சரக்கு திரும்பி வந்தால் பழைய பில்லைத் திருத்தாமல் தனியாகக் கிரெடிட் நோட் போட வேண்டும். இரண்டாம் முறை அச்சிடும்போது தாளில் 'பிரதி' என்ற சொல் தானாகவே விழும். இதை வேண்டாம் என்று சொன்ன வாடிக்கையாளர்களும் உண்டு. அவர்களுக்கு நான் செய்து கொடுப்பதில்லை.

இன்னொரு விடயம் வெளியில் தெரிவதேயில்லை. பல மென்பொருள்கள் பில்லில் பொருளின் குறியீட்டை மட்டும் சேமித்துவிட்டு, அச்சிடும்போது விலைப் பட்டியலிலிருந்து விலையை எடுக்கின்றன. அன்றைக்குச் சரியாகவே இருக்கும். ஆறு மாதம் கழித்துப் பழைய பில்லை மீண்டும் அச்சிட்டால் இன்றைய விலை வந்து நிற்கும். வற் வரியிலும் இதே சிக்கல். 2022 இல் 8 வீதத்திலிருந்து 12 ஆகவும் பின்னர் 15 ஆகவும் உயர்ந்தது, 2024 ஜனவரி முதல் 18 ஆனது. ஆகவே விற்ற அன்றைய விலை, கழிவு, வரி வீதம், வாடிக்கையாளரின் முகவரி ஆகிய அனைத்தும் அந்தப் பில்லோடு சேர்ந்தே சேமிக்கப்பட வேண்டும்.

வற் வரிக்குப் பதிவு செய்தவர்களின் 'டெக்ஸ் இன்வொய்ஸில்' அந்தச் சொற்கள் தெளிவாகத் தெரிய வேண்டும். விற்பவர், வாங்குபவர் இருவரதும் பெயர், முகவரி, பதிவிலக்கம், திகதி, தொடரிலக்கம், பொருளின் விபரம், அளவு, பெறுமதி, வரித்தொகை என்பனவும் தேவை. சதக் கணக்கையும் ஆரம்பத்திலேயே தீர்மானித்துக் கொள்ளுங்கள். 10.25 ரூபா வீதம் மூன்று வரிகள் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் 18 வீதம் கணக்கிட்டு முழுமையாக்கும்போது வரி 5.55 வரும். மொத்தம் 30.75 இற்குக் கணக்கிட்டால் 5.54. ஒரு சதம்தானே என்று விட்டால் மாத இறுதியில் கணக்காளர் உங்களைத் தேடி வருவார்.

பிரின்டரைப் பொறுத்தவரை, மூன்று பிரதிகள் ஒரே அடியில் வேண்டுமானால் டொட் மெட்ரிக்ஸ்தான். லேசர், இங்க்ஜெட் இரண்டும் தாளின் மேல் அடிப்பதில்லை, ஆகவே காபன் பிரதி கிடைக்காது. டொட் மெட்ரிக்ஸில் ஓர் அங்குலத்துக்கு வழமையாக 6 வரிகள், 11 அங்குலத் தொடர் தாளில் 66 வரிகள். பாதித் தாள் பாவித்தால் பக்க நீளத்தை 33 வரியாக மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பில்லுக்கும் பின்னால் வெற்றுத் தாள் ஒன்று ஓடும். தமிழில் அச்சிட விரும்பினால் எழுத்துக்களைப் படமாக அனுப்ப வேண்டியிருப்பதால் வேகம் குறையும். பொருட்களின் பெயர்களை பாமினி எழுத்துருவில் அல்லாமல் யுனிகோட்டில் பதியச் சொல்லுங்கள். பாமினியில் பதிந்த பெயர் அந்த எழுத்துரு இல்லாத கணனியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும்.

சில்லறைக் கடைகளுக்குத் தேர்மல் பிரின்டர் போதும், மை வாங்கும் செலவும் இல்லை. ஆனால் அதன் எழுத்து வெயிலிலும் வெப்பத்திலும் மங்கிவிடும். தவணைக்குக் கொடுக்கும் சரக்கின் பில்லையும் உத்தரவாதச் சீட்டையும் அதில் அடிக்க வேண்டாம்.

மென்பொருள் செய்பவருக்கு இறுதித் தவணையைக் கொடுக்க முன்னர் மூன்று சோதனைகளைச் செய்து பாருங்கள். பில் பாதி அச்சாகும்போது பிரின்டரை நிறுத்திவிட்டு மீண்டும் அச்சிடுங்கள், இலக்கம் மாறக்கூடாது. உங்கள் தரவுகளை எக்ஸெல் கோப்பாக வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நாளை அவர் தொழிலை விட்டுப் போனாலும் உங்கள் கணக்கு உங்களிடம் இருக்க வேண்டும். கடைசியாக, ஏதாவது ஒரு பொருளின் விலையை மாற்றிவிட்டு, சென்ற மாதம் அந்தப் பொருளை விற்ற பில்லை அச்சிட்டு எந்த விலை வருகிறதென்று பாருங்கள்.