தாம்பரம் ஸ்டுடியோவுக்கு ஓர் இலகுவான லினக்ஸ்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் தை, ஆவணி முகூர்த்தங்களை நம்பிப் பிழைக்கும் சிறு ஸ்டுடியோக்கள் ஏராளம். கேமரா அவ்வப்போது புதிதாகும். மூலையில் இருக்கும் கணினி மட்டும் பழையதாகவே இருக்கும். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியதும் அந்தக் கணினிகளின் பாடு திண்டாட்டமாகிவிட்டது. விண்டோஸ் 11 போடலாமென்றால் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். நன்றாக ஓடும் கணினியைக் காயலான் கடைக்குப் போடுவதற்கு முன் லினக்ஸ் இயங்குதளத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அதிலும் இலகுவான லினக்ஸை.

இலகு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 24 மெகாபிக்சல் படத்தைத் திறந்தால், ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்களைக் கணினி நினைவகத்தில் வைக்கிறது. 16 பிட் துல்லியத்தில் அது 144 எம்பி. ஒரு லேயருக்கே இவ்வளவு! மணமக்கள், பின்னணி, எழுத்து, அலங்காரம் என்று ஐந்து லேயர் சேர்ந்தால் 720 எம்பி. செய்ததைத் திரும்பப் பெறும் வசதிக்கு இன்னும் இடம் வேண்டும். 4 ஜிபி நினைவகத்தில் பாதியை இயங்குதளமே விழுங்கிவிட்டால், மிச்ச வேலை ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும், மவுஸ் நகராது. எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய திரைச்சூழல் கொண்ட லினக்ஸ், தான் குறைவாக எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் படத்துக்கு விட்டுவிடுகிறது.

இந்த யோசனை புதிதல்ல. ஆஸ்திரேலியாவின் பேரி காலர் 2003-இல் வெளியிட்ட பப்பி லினக்ஸ், சில நூறு எம்பி அளவுக்குள் அடங்கி, முழுவதும் நினைவகத்தில் ஏறிக்கொண்டு ஓடும். அதை அடிப்படையாக வைத்து, ஓவியர்களுக்கும் புகைப்படக்காரர்களுக்கும் என்றே கிராஃப்பப் என்ற பதிப்பு ஒருகாலத்தில் இருந்தது. 2007-இல் தொடங்கிய உபுண்டு ஸ்டுடியோ இன்றும் வருகிறது, ஆனால் பழைய கணினிக்குக் கொஞ்சம் கனம். லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டு, வேண்டிய மென்பொருள்களை மட்டும் சேர்த்துக்கொள்வதே சிறு கடைக்குச் சரிப்பட்டு வரும்.

அந்த மென்பொருள்கள் எல்லாமே இலவசம். படத்தைத் திருத்த கிம்ப். 2025 மார்ச்சில் வந்த அதன் 3.0 பதிப்பில், போட்ட ஃபில்டரைப் பிறகும் மாற்றிக்கொள்ளலாம். ரா கோப்புகளுக்கு ராதெரபி அல்லது டார்க்டேபிள். லோகோவுக்கு இங்க்ஸ்கேப், கையால் வரைய கிரிட்டா, பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ்.

தாம்பரம் வட்டாரத்துக்கு லினக்ஸ் அந்நியமும் அல்ல. குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சென்னை சி-டாக் நிறுவனமும் பங்கேற்ற தேசியக் கட்டற்ற மென்பொருள் வள மையத்தின் முயற்சியில்தான் 2007-இல் பாஸ் லினக்ஸ் வெளிவந்தது. 2011-இல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு அதுவும் வந்தது. அந்த மடிக்கணினிகள் இன்னும் பல வீட்டு அலமாரிகளில் கிடக்கின்றன. 2 ஜிபி நினைவகத்தில் டார்க்டேபிள் திணறும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இங்க்ஸ்கேப்பில் லோகோ வரைந்து பழக அது போதும்.

தமிழ் எழுத்துக்கு இங்கே ஒரு பெரிய ஆதாயம் உண்டு. பழைய ஃபோட்டோஷாப்பில் யூனிகோடில் 'கொ' என்று அடித்தால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அதனாலேயே ஃபிளெக்ஸ் பேனர் கடைகள் பழைய எழுத்துருக்களை விடாமல் வைத்திருந்தன. கிம்ப்பும் இங்க்ஸ்கேப்பும் ஹார்ஃப்பஸ் என்ற, எழுத்துகளைச் சரியாக இணைத்துக் காட்டும் பொதுவான நிரலைப் பயன்படுத்துவதால், செல்போனிலிருந்து ஒட்டும் யூனிகோட் தமிழ் உடையாமல் வந்து உட்காரும். கேரளத்தின் ஜனயுகம் நாளிதழ் 2019-இல் ஸ்கிரைபஸ், கிம்ப், இங்க்ஸ்கேப்புக்கு முழுமையாக மாறி, லினக்ஸிலேயே பக்கம் கட்டத் தொடங்கியது. தினமும் அச்சுக்குப் போகவேண்டிய பத்திரிகைக்கே முடிந்திருக்கிறது.

குறைகளும் உண்டு. ஃபோட்டோஷாப் லினக்ஸுக்கு வருவதில்லை; பல லேயர் கொண்ட பிஎஸ்டி டெம்ப்ளேட்டுகள் கிம்ப்பில் அப்படியே திறக்கும் என்று சொல்ல முடியாது. ஜேபெக் வாங்கிக்கொள்ளும் ஆல்பம் லேபுக்குச் சிக்கலில்லை. நான்கு வண்ண அச்சுக்கான சிஎம்ஒய்கே வேலையை கிம்ப்பை நம்பிச் செய்வதைவிட, கிரிட்டாவிலும் ஸ்கிரைபஸிலும் முடிப்பதே மேல். ஃபோட்டோஷாப் குறுக்குவிசைகளுக்குப் பழகிய கை புதுசுக்கு மாற நாளாகும்; அந்த நேரம் ஒரு செலவுதான்.

ஆகவே முகூர்த்தக் கெடுபிடியில் மாற்ற வேண்டாம். மார்கழியில் கடை ஓய்ந்திருக்கும்போது ஒரு 8 ஜிபி பென்டிரைவில் மின்ட்டை ஏற்றி, ஹார்ட் டிஸ்க்கில் கை வைக்காமல் கணினியை அதிலிருந்தே கிளப்பிப் பாருங்கள். போன சீசனில் எடுத்த ஒரு கல்யாணத்தின் படங்களைத் திறந்து, ஒரு ஆல்பம் பக்கத்தை முழுதாகச் செய்து, லேபுக்கு அனுப்பி அச்சைக் கையில் வாங்கிப் பாருங்கள். வண்ணம் திருப்தியாக இருந்தால் பிறகு நிறுவிக்கொள்ளலாம்.