செக்கோவைக் கான் எங்கே பார்த்தான்?

‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் முதற் பருவத்தில், 1967 பெப்ரவரி 16ஆம் திகதி அமெரிக்காவின் என்பிசி அலைவரிசையில் ஒளிபரப்பான அங்கம் ‘ஸ்பேஸ் சீட்’. விண்வெளியில் அநாதையாக மிதக்கும் ‘பொட்டனி பே’ என்ற பழைய கலத்தை எண்டர்பிரைஸ் கப்பலில் வருபவர்கள் காண்கிறார்கள். 1996இல் பூமியை விட்டுப் புறப்பட்ட கலம் அது. உள்ளே 72 பேர் உயிரோடு, நெடுந்தூக்கத்தில் கிடக்கிறார்கள். அவர்களின் தலைவன், செயற்கையாக உருவாக்கப்பட்ட மனிதனான கான் நூனியன் சிங். 1992 முதல் 1996 வரை ஆசியா தொடங்கி மத்திய கிழக்கு வரை, உலகின் காற்பங்குக்கும் மேலான நிலத்தை ஆண்டவன். கண்விழித்ததும் கப்பலையே கைப்பற்றப் பார்த்துத் தோற்கிறான். கப்டன் கேர்க் அவனைச் சிறைக்கு அனுப்பாமல் செட்டி அல்பா ஐந்து என்ற ஆளில்லாக் கிரகத்தில் கூட்டத்தோடு இறக்கிவிடுகிறார். கப்பலின் வரலாற்றாய்வாளர் மார்லா மெக்கிவர்ஸும் அவனை விரும்பி உடன் போகிறாள். அங்கே விதைத்த விதை நூறு வருடம் கழித்து என்னவாக முளைத்திருக்கும் என்று கப்பலின் அதிகாரி ஸ்பொக் யோசிப்பதோடு கதை முடிகிறது.

நூறு வருடம் காத்திருக்க வேண்டி வரவில்லை. திரைப்படமொன்றுக்குக் கதை தேடிய தயாரிப்பாளர் ஹார்வ் பென்னட் பழைய தொடரின் அங்கங்களையெல்லாம் போட்டுப் பார்த்து இதைத் தெரிவு செய்தார். 1982 ஜூனில் ‘த ராத் ஒஃப் கான்’ திரைக்கு வந்தது. ஸ்டார் ட்ரெக் ரசிகர்கள் இன்றுவரை பேசும் மிகப் பிரபலமான தொடர்ச்சிப் பிழை அந்தப் படத்தில்தான் இருக்கிறது. கிரகத்தில் இறங்கும், எண்டர்பிரைஸில் பணியாற்றிய செக்கோவைக் கண்டதும் கான், பார்த்த முகத்தைத் தான் மறப்பதில்லை என்று சொல்லிப் பெயரையும் சரியாகச் சொல்கிறான். ஆனால் ‘ஸ்பேஸ் சீட்’ அங்கத்தில் செக்கோவே கிடையாது. அந்தப் பாத்திரத்தில் நடித்த வோல்ட்டர் கெனிக் தொடரில் சேர்ந்தது இரண்டாம் பருவத்தில். அவர் முதலில் திரையில் தோன்றியது 1967 செப்டெம்பரில்.

இதற்கு ரசிகர்கள் கண்டுபிடித்த சமாதானங்களுள் ஒன்று மெச்சத்தக்கது. ஒவ்வொரு அங்கத்திலும் கப்டன் சொல்லும் ‘விண்நாள்’ எண்ணை அவர்கள் ஒப்பிட்டார்கள். ‘ஸ்பேஸ் சீட்’ அங்கத்தின் எண் 3141.9. செக்கோவ் வரும் ‘கட்ஸ்போ’ அங்கத்தின் எண் 3018.2. கதையின் கணக்குப்படி பார்த்தால், கான் வருவதற்கு முன்பே செக்கோவ் கப்பலில் வேலை செய்திருக்கிறான். கமராவுக்கு முன்னால் வரவில்லை, அவ்வளவுதான். கெனிக் தன் பங்குக்கு ஒரு வேடிக்கைக் கதை சொல்வார்: கப்பலின் கழிப்பறையைச் செக்கோவ் நெடுநேரம் பிடித்து வைத்திருந்ததால், வெளியே காத்து நின்ற கானுக்கு அந்த முகம் மறக்கவில்லையாம்.

இத்தகைய பிழைகள் அசட்டையால் மட்டும் வருவதில்லை. 1967இல் ஒரு அங்கம் ஒளிபரப்பானால், மறு ஒளிபரப்பு வரும்வரை பார்வையாளர் அதைத் திரும்பப் பார்க்க வழியில்லை. வீடுகளில் வீடியோ டெக் இல்லை. இலங்கையிலோ தொலைக்காட்சியே 1979இல்தான் தொடங்கியது. ரூபவாஹினி வந்தது 1982இல். மத்திய கிழக்குக்கு உழைக்கப் போனவர்கள் கொண்டுவந்த டெக்குகள் கல்முனை, சாய்ந்தமருது போன்ற ஊர்களின் வீடுகளுக்குள் வந்த பிறகுதான், ஒரு காட்சியை நிறுத்தி, பின்னே ஓட்டி, மறுபடி பார்ப்பது அங்கே சாதாரண விஷயமானது. ஒருமுறை பார்த்து மறக்கப்படும் என்று எண்ணி எழுதப்பட்ட கதை, வரி வரியாகச் சோதிக்கப்படும் காலத்துக்கு வந்து சேர்ந்தது.

ஆண்டுக் கணக்கிலும் சிக்கல் உண்டு. தான் எவ்வளவு காலம் தூங்கினேன் என்று கான் கேட்க, ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு என்கிறார் கேர்க். அப்படியானால் கதை நடப்பது 2196 அளவில். தொடர் எந்த நூற்றாண்டில் நடக்கிறது என்பது அப்போது முடிவாகியிருக்கவில்லை. 1982 படம் தொடக்கத்திலேயே 23ஆம் நூற்றாண்டு என்று எழுதிக் காட்டியது. ஆனால் அதே படத்தில் கானும் 200 வருடக் கணக்கையே சொல்கிறான். இன்று ஏற்கப்பட்ட கால அட்டவணையில் அங்கம் 2267இலும் படம் 2285இலும் வருகின்றன. படத்தில் 15 வருடம் என்று சொல்லப்படும் இடைவெளி அட்டவணையில் 18 ஆகிவிடுகிறது. இந்தப் பிழைக்கு வாரிசும் உண்டு. 24ஆம் நூற்றாண்டில் நடக்கும் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ என்ற பிந்திய ஸ்டார் ட்ரெக் தொடரின் 1997ஆம் ஆண்டு அங்கமொன்றில், கானின் காலத்து யுத்தங்கள் 200 வருடத்துக்கு முன் நடந்தவை என்று ஒரு அட்மிரல் சொல்கிறார். பழைய வசனத்தின் எண்ணை நூற்றாண்டு மாற்றாமல் எடுத்துவிட்டதாக எழுத்தாளர் ரொனல்ட் டி. மூர் பின்னர் ஒப்புக்கொண்டார்.

1967இல் 1992 தொலைதூர எதிர்காலம். அந்த ஆண்டு உண்மையில் வந்தபோது கான் வரவில்லை. 1992 முதல் 1996 வரையான ஆண்டுகளை அம்பாறைக் கரையோர மக்கள் இலங்கையின் உள்நாட்டு யுத்தத்துக்குள்தான் கழித்தார்கள். அந்த யுத்தம் எந்த ஆய்வுகூடத்திலும் பிறந்ததல்ல. இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடரான ‘வொயேஜரின்’ 1996ஆம் ஆண்டு அங்கமொன்றில் கப்பலில் உள்ளவர்கள் அதே ஆண்டின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்கு வருகிறார்கள். அங்கே கானின் யுத்தத்தின் சுவடே இல்லை. ஆனால் ஒரு மேசையில் பொட்டனி பே ரகக் கலத்தின் சிறு மாதிரி வைக்கப்பட்டிருக்கிறது. கூர்ந்து பார்ப்பவர்களுக்கென்றே வைத்தது அது. 2023இல் வந்த ‘ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்’ அங்கம் பிரச்சினையை நேரடியாகவே எடுத்துக்கொண்டது: காலப்பயணிகளின் தலையீடுகளால் வரலாறு தள்ளிப்போய்விட்டது, 1992இல் நடக்க வேண்டியது நடக்கவில்லை. 21ஆம் நூற்றாண்டின் டொரொண்டோவில் கான் சிறு பையனாக இருக்கிறான். பிழையை மறைக்காமல் அதையே கதையாக்கிய துணிவு பாராட்டுக்குரியது.

அறிவியலும் இடையில் மாறியது. 1967 வசனத்தில் கான் தெரிந்தெடுத்த இனப்பெருக்கத்தால் உருவானவன். கால்நடைகளில் நல்லினம் பிரிப்பதுபோன்ற முறை அது. 1970களில் மரபணுவை வெட்டி ஒட்டும் நுட்பம் வந்ததால், 1982 படத்தில் அவன் மரபணுப் பொறியியலின் விளைபொருளாகிவிட்டான்.

பாத்திரமும் அப்படித்தான் மாறி வந்தது. முதல் வரைவில் அவன் ஸ்கண்டினேவியன், பெயர் ஹரல்ட் எரிக்சன். மெக்சிக்கோ நடிகர் ரிக்கார்டோ மொண்டல்பான் தெரிவானதும் இந்தியனானான். தொடரின் கர்த்தா ஜீன் ரொடன்பெரி தன் போர்க்கால நண்பர் ஒருவரின் பெயரிலிருந்து நூனியன் சிங்கை எடுத்தார். பெரும்பாலும் முஸ்லிம்களின் பெயரான ‘கான்’ முன்னே, சீக்கியரின் ‘சிங்’ பின்னே. இந்தச் சேர்க்கை தெற்காசியக் கண்ணுக்கு உடனே உறுத்தும். வட இந்தியச் சீக்கியனாக இருக்கலாம் என்று மெக்கிவர்ஸ் ஊகிக்கும் அந்த மனிதனுக்குத் தாடியோ தலைப்பாகையோ இல்லை. அவள் வரையும் ஓவியத்தில் மட்டும் தலைப்பாகை வருகிறது. 2013 படத்தில் அதே கானாக ஆங்கிலேயர் பெனடிக்ட் கம்பர்பாட்ச் நடித்தபோது கடும் கண்டனம் எழுந்தது, அது நியாயமானதும்கூட. 2025இல் வந்த ‘ஸ்டார் ட்ரெக்: கான்’ ஒலி நாடகம் செட்டி அல்பா ஐந்தில் கழிந்த ஆண்டுகளைச் சொல்கிறது. அதில் கானுக்குக் குரல் கொடுத்தவர் நவீன் ஆண்ட்ரூஸ், லண்டனில் மலையாளப் பெற்றோருக்குப் பிறந்த நடிகர்.