தட்டைத் தூக்கிக்கொண்டு பாலம் தாண்ட வேண்டாம்!

தோட்டத்துக் கூட்டங்களில் சம்பளம், சேமநிதி, மருத்துவ விடுப்பு என்று பேசி முடித்த பிறகு, இப்போதெல்லாம் இன்னொரு கேள்வியும் எழுகிறது. "அண்ணே, எங்க பையன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயி, மார்சிலிங்குல ரூம் எடுத்துத் தங்கியிருக்கான். வீட்டுல பழைய தட்டு ஒண்ணு சும்மா கெடக்கு. அதக் குடுத்து விட்டா அங்க காசில்லாம தமிழ்ப் படம் தெரியுமா?"

கேட்பவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள். வேலை முடிந்து வரும் பிள்ளை நாலு வார்த்தை தமிழில் கேட்கட்டுமே என்ற ஆசைதான். ஆசையில் தவறில்லை. ஆனால் விவரம் தெரியாமல் இறங்கினால் தொல்லை பிள்ளையின் தலையில் விடியும். ஆகவே இந்த வாரம் இதையே எழுதுகிறோம்.

மார்சிலிங், சிங்கப்பூரின் வடகோடியில் உட்லண்ட்ஸ் பக்கம் இருக்கிறது. 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலத்துக்குக் கூப்பிடு தூரம். பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். மாடி வீட்டிலிருந்து பார்த்தால் ஜொகூர் பாரு கட்டடங்கள் தெரியும். ஆனால் இந்தக் கரையில் வீட்டுக்கு வீடு தட்டு. அந்தக் கரையின் அடுக்குமாடிகளில் ஒரு தட்டையும் காணோம். ஏன்?

காரணம் சட்டம். சிங்கப்பூரில் உரிமம் இல்லாமல் துணைக்கோளத் தட்டு வைத்து ஒளிபரப்பைப் பிடிப்பது குற்றம். உரிமம் கொடுப்பதும் நிறுவனங்களுக்குத்தான், குடும்பங்களுக்கு அல்ல. நம் நாட்டிலும் ஒரு காலத்தில் இதே கதைதான். 1996 ஜனவரியில் மீசாட்-1 துணைக்கோளம் ஏவப்பட்டு, அதே ஆண்டு ஆஸ்ட்ரோ வந்த பிறகுதான் சாதாரண வீட்டுக் கூரையில் சின்னத் தட்டு ஏறியது. நமக்குக் கதவு திறந்தது, அங்கே திறக்கவில்லை. பெர்மிட்டில் வேலை செய்யும் பிள்ளை இதில் மாட்டிக்கொண்டால் அபராதத்தோடு போகுமா, வேலைக்கே உலை வைக்குமா? வீடு வாடகைக்குக் கொடுத்தவருக்கும் வீண் தலைவலி.

சட்டத்தை விடுங்கள், தட்டு வேலை செய்யும் விதத்தையும் பாருங்கள். துணைக்கோளம் பூமத்திய ரேகைக்கு மேலே, சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. பூமி சுற்றும் வேகத்திலேயே அதுவும் சுற்றுவதால், நம் கண்ணுக்கு அசையாமல் ஒரே இடத்தில் இருப்பது போலாகிறது. தட்டு அந்த இடத்தைக் குறி பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் ஆஸ்ட்ரோ துணைக்கோளம் ஏறக்குறைய உச்சி வானத்தில், சற்றே மேற்குச் சாய்வில் இருக்கிறது. அடுக்குமாடி சன்னலில் தட்டை வைத்தால் மேல் வீட்டுத் தளமே வானத்தை மறைத்துவிடும். பேய்மழை கொட்டினால் நம் வீட்டில் படம் நின்று போகிறதே, அது ஏன்? அந்த நுண்ணலையை மழைத்துளி விழுங்கிவிடுவதால்தான்.

இன்னொன்று பூட்டு. தட்டில் விழும் எல்லாப் படமும் இலவசமல்ல. பெரும்பாலானவை பூட்டி அனுப்பப்படுகின்றன. திறக்க டிகோடரும் கார்டும் மாதக் கட்டணமும் வேண்டும். பூட்டாமல் வருவதுதான் உண்மையான இலவசம்.

"இந்தியாவுல ஃப்ரீயா தெரியுதே" என்பார்கள். உண்மைதான். தூர்தர்ஷன் 2004 டிசம்பரில் தொடங்கிய சேவை, இன்று டிடி ஃப்ரீ டிஷ் என்ற பெயரில் மாதக் கட்டணமே இல்லாமல் நடக்கிறது. முன்பு பொதிகை என்றிருந்து 2024இல் டிடி தமிழ் ஆன அலைவரிசையும் அதில் உண்டு. ஆனால் அந்த அலை இந்தியாவை நோக்கிப் பாய்ச்சப்படுவது. கைவிளக்கை அடுப்படிக்குப் பிடித்தால் வாசலில் வெளிச்சம் விழுமா? "அதே தட்ட இங்க மாட்டித் தரேன், ஆயுசுக்கும் காசு கட்ட வேணாம்" என்று பையோடு வருகிறவரிடம் ஏமாறாதீர்கள்.

தட்டு பணக்காரர் பொம்மையாகத் தொடங்கியதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு காலம் இந்தியா, அமெரிக்கத் துணைக்கோளம் ஒன்றை இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குப் படம் காட்டியது. கோழிக்கூட்டு வலைக்கம்பியால் செய்த தட்டில், விவசாயமும் சுகாதாரமும் பாமர மக்களைத் தேடி வந்தன. நாமும் தட்டு வாங்கும்போது, வீட்டுக்கு என்ன அறிவு வருகிறது என்று பார்க்க வேண்டாமா?

சரி, மார்சிலிங் பிள்ளைக்கு என்ன வழி? வழி எளிது. சிங்கப்பூரின் வசந்தம், 2008 அக்டோபரிலிருந்து தனி அலைவரிசையாக நடக்கிறது. டிவிபி-டி2 வசதியுள்ள பெட்டியும் ஒரு சின்ன ஏரியலும் போதும். தட்டு வேண்டாம், மாதக் கட்டணமும் இல்லை. முன்பு ஆண்டுக்கு 110 சிங்கப்பூர் வெள்ளி என்றிருந்த தொலைக்காட்சி உரிமக் கட்டணமும் 2011இல் எடுக்கப்பட்டுவிட்டது. பெட்டி இல்லையா? கைப்பேசியில் மீவாட்ச் செயலி இருக்கிறது. நம் நாடும் அதே டிவிபி-டி2 முறையில்தான் ஒளிபரப்புகிறது. ஆகவே வடக்குப் பார்த்த சன்னலாக இருந்தால் ஜொகூர் அலையும் எட்டக்கூடும்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான். 2019 அக்டோபரோடு பழைய அனலாக் ஒளிபரப்பு நின்றது. ஏரியலோடு மைஃப்ரீவியூ வைத்தால் டிவி 2இன் தமிழ்ச் செய்தி இலவசம். செம்பனைக் காட்டுக்கும் மலைக்கும் நடுவே அலை எட்டாத தோட்டங்களுக்குத்தான் தட்டு உண்மையில் தேவை. 2012இல் வந்த என்ஜோய் அப்படிப்பட்ட வழி. தட்டையும் டிகோடரையும் வாங்கினால் மாதக் கட்டணம் கிடையாது.

எது வாங்கினாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தத் தமிழ் அலைவரிசை இலவசமாக வரும்? மாதாமாதம் ஏதும் கட்ட வேண்டுமா? கெட்டுப்போனால் யார் வந்து பார்ப்பார்? பதிலை ரசீதில் எழுதி வாங்குங்கள். கணவர் வேலைக்குப் போன நேரத்தில், புரியாத பாரத்தில் அக்காமார்கள் கையெழுத்துப் போட வேண்டாம். ஒப்பந்தத் தாள் கையில் இருந்தால் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்தே படித்துப் பார்ப்போம்.