தலைப்பிரட்டையின் தாய் யார்?



மழை விட்ட ஒரு காலைப்பொழுது. எங்கள் மதரஸாவின் பின்புறக் குட்டையருகே மாணவர்கள் கூடி நின்றனர். ஒருவன் கையில் மண்ணெண்ணெய்ப் புட்டி. "ஹஜ்ரத், தண்ணீர் முழுவதும் கொசுப் புழு!" என்றான். குனிந்து நோக்கினேன். கரையோரத்தில் கருமணிகளைச் சிதறியதுபோல் நூற்றுக்கணக்கான தலைப்பிரட்டைகள்! புட்டியை வாங்கி வைத்துவிட்டேன். ஆனால், "இவை எந்தத் தவளையின் குஞ்சுகள்?" என்று அவன் வினவியபோது, கலைப் பட்டதாரியாகிய எனக்கு விடை தெரியவில்லை. அன்று தேடி அறிந்தவற்றையே இங்கே உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில் கொசுப் புழுவைப் பிரித்தறிவோம். அது மெல்லியது, உடலில் கணுக்கள் தெரியும், நீர்ப்பரப்பில் தொங்கிக்கொண்டிருந்து, நிழல் பட்டதும் நெளிந்து கீழிறங்கும். தலைப்பிரட்டைக்கோ தலையும் உடலும் ஒன்றாய்த் திரண்ட உருண்டை வடிவம். பின்னால் தட்டையான வால். மீன்குஞ்சுக்குரிய பக்கத் துடுப்புகள் அதற்கு இல்லை. வளர வளரப் பின்னங்கால்கள் முதலில் வெளிப்படும். முன்னங்கால்கள் பிறகே தோன்றும்.

இனம் காண முட்டைகளும் உதவும். சொறித் தவளையாகிய தேரை, மணிமாலை போன்ற நீண்ட கூழ்ச்சரங்களாக முட்டையிடும். மரத்தவளையோ நீருக்கு மேலுள்ள இலையிலும் தொட்டிச் சுவரிலும் நுரைக்கூடு கட்டும். குஞ்சுகள் அதிலிருந்து நீரில் விழுந்து வளரும்.

தலைப்பிரட்டைகளுள்ளும் வேற்றுமை உண்டு. சிறியதாய், கறுத்ததாய், கூட்டங்கூட்டமாய்த் திரிந்தால் அவை பெரும்பாலும் தேரையின் குஞ்சுகள். எங்கள் குட்டையில் இருந்தவையும் அவையே. உடல் கண்ணாடிபோல் இருந்து, உள்ளே குடல் தெரிய, நடுநீரில் அசையாது மிதந்தால் அவை சிறுவாய்த் தவளை இனத்தவை. பருத்த உடலும் வலிய தாடையும் கொண்டு பிற தலைப்பிரட்டைகளையே தின்பவை, மழைக்காலத்தில் மஞ்சள் நிறம் கொள்ளும் பெருந்தவளையின் குஞ்சுகள்.

வளர்ந்தவற்றை அறிவது இன்னும் எளிது. கண்ணுக்குப் பின்னால் புடைத்த நஞ்சுச் சுரப்பியும் உலர்ந்த சொறித் தோலும் தேரைக்கு அடையாளம். விரல் நுனியில் வட்டத் தட்டுகள் இருந்தால் அது மரத்தவளை. விரட்டினால் நீரின்மேல் தத்தித்தத்தி ஓடுவது, குளங்களில் நாம் அன்றாடம் காணும் சிறு தவளை.

மலைப்பகுதியில் வாழ்வோர்க்கு ஒரு வேண்டுகோள். ஈர மண்ணைக் கிளறும்போது, கால்களின்றி, வழவழப்பான தோலில் வளையங்கள் சூழ்ந்த ஓர் உயிர் வெளிப்படலாம். பாம்பென்று கருதி அதனை அடித்துவிடுகிறார்கள். அது நஞ்சுப் பாம்பன்று. தவளைக்கு உறவான சிசிலியன். பாம்புக்கு உடலெங்கும் செதில்கள் தெரியும். இதற்கு அவ்வாறு தெரிவதில்லை. ஈர மண்ணில் இட்ட முட்டைகளைத் தாய் சுற்றிக்கொண்டு காக்கும் வழக்கமும் இவ்வினத்தில் உண்டு.

குஞ்சை அறிந்தும் தாயை அறியாதிருந்த கதையும் ஒன்றுண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில், உறிஞ்சும் வாயால் பாறையைப் பற்றி வாழும் தலைப்பிரட்டைகளை 1918ஆம் ஆண்டையொட்டியே ஆய்வாளர்கள் பதிவு செய்திருந்தனர். ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள் மறைந்து வாழும் அதன் தாயினமான ஊதாத் தவளை, 2003ஆம் ஆண்டில்தான் அறிவியல் உலகிற்கு விவரிக்கப்பட்டது!

தவளையை மருந்தில் சேர்ப்பது குறித்து மருத்துவர் ஒருவர் வினவியபோது, அதைக் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூதாவூதில் நபிமொழி ஒன்று இடம்பெற்றுள்ளது. கொல்லாதிருக்க வேண்டுமானால் முதலில் இன்னதென்று அறிந்திருக்க வேண்டுமல்லவா?

பெற்றோர்களே! அடுத்த மழைக்குப் பின் பிள்ளைகளிடம் ஒரு கண்ணாடிக் குவளை கொடுங்கள். குட்டை நீரோடு தலைப்பிரட்டையை மொண்டு பார்க்கட்டும். நாளையும் இடத்தையும் நிறத்தையும் ஏட்டில் குறிக்கட்டும். பின் அதே நீரில் விட்டுவிடட்டும். மண்ணெண்ணெய்ப் புட்டி ஏந்திய அம்மாணவன், அவ்வாண்டு குட்டை வற்றும்வரை நாள்தோறும் ஏட்டுடன் அங்கே சென்று வந்தான்.