கள் ஏன் நுரைக்கிறது?

“கள் ஏன் நுரைக்கிறது, ஐயா?” என்று எங்கள் தோட்டப் பள்ளி மாணவன் ஒருவன் கேட்டான். ஈப்போ வட்டாரத் தோட்டங்களில் கள்ளுக்கடை இருந்த காலத்தை அவன் தாத்தா சொல்லியிருக்கிறார் போலும்.

நேயர்களே, தென்னம்பாளையைச் சீவினால் வடிவது வெறும் இனிப்பு நீர்தான். கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர். தடவாவிட்டால், ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகிறது. அந்த வாயுவே நுரை. நம் பாட்டிமார் ஆப்ப மாவில் கள் ஊற்றியதும் இதற்காகத்தான். பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூ கசப்பைத் தருவதோடு, கெடாமலும் காக்கிறது. கள்ளுக்கு அந்தக் காவல் இல்லை; ஓரிரு நாளில் புளித்துக் காடியாகிவிடும்.

சம்சுவும் இப்படித்தான் என்று எண்ணிவிட வேண்டாம். அதில் மெத்தனால் கலந்திருந்தால் கண்ணாலும் மூக்காலும் கண்டுபிடிக்க முடியாது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் கலப்பட மதுவால் 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். குடித்தவருக்கு மறுநாள் பார்வை மங்கினாலோ, வாந்தியும் மூச்சுத்திணறலும் கண்டாலோ, போதை தெளியட்டும் என்று படுக்க வைக்காதீர்கள். மாற்று மருந்து உண்டு. தாமதித்தால் கண் போகும், உயிரும் போகும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். குடித்த போத்தலையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.