ஆறு வயதில் முளைக்கும் பல்

மைசூரு தேவராஜ மார்க்கெட்டில் ஒரு வெல்லக் கடை. பாட்டியின் சேலையைப் பிடித்தபடி நின்ற ஏழு வயதுப் பையன், கடைக்காரர் கொடுத்த வெல்லத் துண்டை ஒரு பக்கமாகவே ஒதுக்கிச் சப்பிக்கொண்டிருந்தான். மறுபக்கம் வலி. “ஹுளுக்கு ஹல்லு” என்றார் பாட்டி. நாம் பூச்சிப்பல் என்கிறோம். கன்னடத்திலும் பழி புழுவின் மேல்தான். “பால் பல்தானே, விழுந்துடும்” என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

பையன் வாயைத் திறந்து காட்டினான். கறுத்திருந்தது வரிசையின் கடைசிப் பல். அது விழாது. ஆறு வயதை ஒட்டி, எந்தப் பால் பல்லும் விழாமலே, பின்னால் ஓசையின்றி முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப்பல் அது. எழுபது வயதுவரை மென்று தர வேண்டியது. அதன் மேற்பரப்பிலுள்ள குறுகிய பள்ளங்களுக்குள் பிரஷ்ஷின் இழைகள் இறங்குவதில்லை. முளைத்த முதல் சில ஆண்டுகளில்தான் சொத்தை எளிதாகப் பிடிக்கிறது.

இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03இல் நடத்திய தேசிய ஆய்வில், ஐந்து வயதினரில் 51.9 சதவீதம், 12 வயதினரில் 53.8, 15 வயதினரில் 63.1 சதவீதம் பேருக்குச் சொத்தைப் பல் இருந்தது.

எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை முறை என்பதே முக்கியம். 1940களின் பிற்பாதியில் ஸ்வீடனின் வீபெஹோல்மில், அறிவுசார் குறைபாடுள்ளோர் இல்லத்தில் நடந்த ஆய்வு இதைக் காட்டியது. சம்மதம் சொல்லவும் இயலாத நோயாளிகளுக்கு டாஃபி கொடுத்துப் பல்லைக் கெடுத்துப் பார்த்தார்கள். மன்னிக்க முடியாத முறை. சாப்பாட்டோடு தின்ற இனிப்பு அவ்வளவாகக் கெடுக்கவில்லை. இடையிடையே தின்ற, பல்லில் ஒட்டும் இனிப்புதான் அரித்தது. இனிப்பு உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் வாய்க் கிருமிகள் அமிலம் சுரக்கின்றன. உமிழ்நீர் அதை ஆற்ற அரை மணி நேரமாவது வேண்டும். மைசூர்பாகை மதியச் சாப்பாட்டோடு கொடுங்கள். மாலை முழுக்கக் கொறிக்க விடாதீர்கள்.

சிகிச்சையும் மாறியிருக்கிறது. சொத்தை விழாத பல்லின் பள்ளங்களை ‘சீலன்ட்’ பூசி மூடிவிடலாம். சொத்தை விழுந்திருந்தால் ‘சில்வர் டயமின் ஃப்ளோரைடு’ ஒரு சொட்டு. ஊசியோ துளைக்கும் கருவியோ இல்லாமலே பெரும்பாலும் சொத்தை பரவாமல் நிற்கும். பூசிய இடம் கறுத்துவிடும் என்பதால் பெற்றோர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் பின்னாலிருக்கும் பல்லில் கறுப்பு யாருக்குத் தெரியப்போகிறது? உலக சுகாதார நிறுவனம் 2021இல் இந்த மருந்தை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஒரு பள்ளி வகுப்பறையிலேயே பூசிவிடலாம். நம் பள்ளிகளுக்கு இது வராமலிருப்பதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

பையனை இந்த வாரமே பல் மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். மருந்துக்கடைகளும் கிளினிக்குகளும் நிறைந்த தன்வந்திரி சாலை பக்கத்திலேயே இருக்கிறது. 1986இல் தொடங்கிய ஜே.எஸ்.எஸ். பல் மருத்துவக் கல்லூரியும் இதே ஊரில்தான்.

உங்கள் வீட்டில் ஆறு, ஏழு வயதுக் குழந்தை இருந்தால் இன்று இரவு டார்ச் அடித்துப் பாருங்கள். முன்பல் நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணுங்கள். ஆறாவது பல் இருந்தால், அது பால் பல் அல்ல.