நான்கு சக்கரமும் இழுத்தால் போதுமா?

கனடாவின் மேற்குக் கரையில் இருக்கிறது வான்கூவர். அங்கே குளிர்காலம் என்றால் பெரும்பாலும் மழைதான்; எப்போதாவது பனி விழும், சில நாளில் கரைந்தும் போகும். இந்த ஊரில் கார் வாங்குபவர், நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை போகும் ஆல்-வீல் டிரைவுக்குக் கூடுதல் பணம் கொடுக்கத்தான் வேண்டுமா?

வழுக்கும் மேட்டில் வண்டியைக் கிளப்ப அது நன்றாகவே உதவும். முன்சக்கரங்கள் நின்ற இடத்தில் சுழன்றாலும் பின்சக்கரங்கள் தள்ளிவிடும். ஆனால் பிரேக்? அது எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களிலும் இருப்பதுதானே! நிறுத்தும்போது சாலையைப் பிடிப்பது டயர். சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்கும். குளிர்கால டயரின் ரப்பர் அப்போதும் மென்மையாக இருக்கும்.

பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண விதியும் டயரைத்தான் பார்க்கிறது. வான்கூவரிலிருந்து மலையூரான விஸ்லருக்கு ஏறும் நெடுஞ்சாலையில் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்கால டயர் கட்டாயம். அதன் பள்ளத்தின் ஆழம் 3.5 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். ஆல்-வீல் டிரைவ் என்று சொல்லித் தப்ப முடியாது.

ஆல்-வீல் டிரைவ் காரில் எடை கூடுவதால் பெட்ரோல் செலவும் சற்றே கூடும். ஒரு டயர் பழுதானால், பல மாடல்களில் நான்கையும் சேர்த்தே மாற்றச் சொல்வார்கள். பனிச்சறுக்குக்காக அடிக்கடி மலையேறுபவர் அந்தக் காரைத் தாராளமாக வாங்கட்டும். ஊருக்குள்ளேயே ஓட்டுபவருக்கு அந்தக் கூடுதல் பணத்தில் நல்ல குளிர்கால டயர்களே வந்துவிடும், மிச்சமும் இருக்கும்.